அல்மூட் அத்தையின் இல்லாத பல்

அத்தியாயம் பதினொன்று

ஒரு கல்லூரியும் கிடைக்காமல் போய்விடுமோ என்று ஓராண்டாகப் பயந்துகொண்டிருந்த வீட்டில், இப்போது இரண்டு கிடைத்துவிட்டதுதான் பிரச்சினை.

போன வாரம் ஒரே காலையில் இரண்டு அழைப்புகளும் வந்ததிலிருந்து லெவ்கே சரியாகச் சாப்பிடவில்லை. ஒன்று, அண்ணன் மால்தே நான்கு வருடமாகப் படித்துக்கொண்டிருக்கும் பெருநகரத்துப் பல் மருத்துவக் கல்லூரி. மற்றது, வடகிழக்கே பால்டிக் கடலோரத்தில் ஒரு சிற்றூரில் இருப்பது. வீட்டில் யாரும் கல்லூரிகளின் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார்கள். நகரம், கடல். அவ்வளவுதான். கடல் என்றால் தடித்த கோட்டு ஒன்று வாங்க வேண்டும் என்பாள் அம்மா பிர்ட்டே, ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி. நகரம் என்றால் மால்தேயின் அறையிலேயே இன்னொரு கட்டில் போட்டுக்கொள்ளலாம் என்பாள், அடுத்த ரொட்டிக்கு.

நாளையோடு கெடு முடிகிறது. இணையதளத்தில் ஒன்றை ஏற்றுக்கொண்டால் மற்றது அந்த நொடியே மறைந்துபோகும். அழுதாலும் திரும்ப வராது.

கடலுக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருந்தது. அங்கே சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பேருந்து பிடித்து நோயாளிகள் வந்து குவிகிறார்கள். மாணவர்கள் சீக்கிரமே உண்மையான வாயில் கை வைக்கிறார்கள். படித்து முடித்து வெளியே வருகிறவர்களுக்குக் கை நடுங்குவதில்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.

நகரத்துக்கு ஆதரவாகவும் நிறைய இருந்தது. அங்கே படுக்கையில் கிடக்கும் முதியவர்களின் பல்லுக்கென்றே ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. பள்ளி முடித்தபின் லெவ்கே ஒரு வருடம் நீன்பூர்க் முதியோர் இல்லத்தில் தொண்டு செய்தவள். காலையில் அவர்களுக்குப் பல் துலக்கி, பல்செட்டைக் கழுவி மாட்டிவிடும் வேலை அவளுடையது. மற்ற பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு செய்த அந்த வேலைதான் அவளுக்கு இந்தப் படிப்பின் மீதே ஆசையை உண்டாக்கியது. அந்தப் பிரிவில் மேற்படிப்பு முடித்து, சக்கரம் வைத்த பெட்டியோடு இல்லம் இல்லமாகப் போகிற மருத்துவராக வேண்டும். இது அவளுடைய கனவு. இதை இன்னும் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

ஆனால் நகரத்தில் ஒரு சிக்கல் உண்டு. தெருவுக்கு ஒரு பல் மருத்துவர் இருக்கிற ஊரில், கற்றுக்குட்டியிடம் வாயைத் திறக்க யார் வருவார்கள்? அதனால் அங்கே மாணவர்களே நோயாளிகளைத் தேடிப் பிடித்துக் கூட்டிவர வேண்டும். பல் இல்லாதவர் ஒருவர் கிடைக்காவிட்டால் அந்தப் பருவமே வீண்.

மால்தேக்கு அதுதான் நடந்திருந்தது.

போன பருவத்தில் அவன் ஒரு பிரிட்ஜ் கட்டிக் காட்டியிருக்க வேண்டும். அதாவது ஒரு பல் விழுந்த இடத்தின் இருபுறமும் உறுதியான பல் நிற்க வேண்டும். இரண்டின் மேலும் பாலம்போல மூன்று பல்லாகச் செய்து உட்கார வைக்க வேண்டும். அப்படிப்பட்ட இடைவெளி உள்ள ஒருவரும் அவனுக்கு அகப்படவில்லை. அக்டோபரில் அதே பாடத்தைத் திரும்ப எடுக்கிறான். இந்த முறையும் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவன் பேசுவதே இல்லை.

அப்படி ஓர் இடைவெளி குடும்பத்திலேயே இருந்தது. அல்மூட் அத்தையின் வாயில், கீழ்வரிசையில், வலப்பக்கம்.

அந்த அத்தையோடுதான் பேச்சுவார்த்தை இல்லை.

அதுவும் மால்தேயால் வந்த வினைதான். அவன் முதல் பருவம் படித்துக்கொண்டிருந்த ஆண்டு, கிறிஸ்துமஸ் விருந்துக்கு அத்தை வந்திருந்தாள். தனியாக அல்ல, ஊவே என்ற ஒருவரையும் கூட்டிக்கொண்டு. நெடுநாள் தனியாக இருந்த அத்தை உதட்டுக்குச் சாயம் பூசியிருந்ததை அன்றுதான் லெவ்கே பார்த்தாள். அக்ரூட் பருப்பைக் கடித்தபோது அத்தையின் பல்லில் ஏதோ சடக்கென்றது. மால்தே துள்ளி எழுந்தான். மேசை விளக்கைச் சாய்த்துப் பிடித்து, தேக்கரண்டியின் பின்பக்கத்தால் அத்தையின் கன்னத்தை விலக்கி, வாத்து வறுவலின் முன்னால், ஊவேயின் முன்னால், கற்றுக்கொண்ட எல்லாவற்றையும் உரக்கச் சொன்னான். ஈறு அழுகிக்கொண்டிருக்கிறது. இந்தப் பல் போய்விடும். அதற்குப் பக்கத்தில் இருப்பதும் சந்தேகம். வாய் நாற்றம் இதனால்தான்.

போனது பல் மட்டுமல்ல. ஊவேயும் அதற்குப்பின் வரவில்லை.

அத்தையிடம் போய் எப்படிக் கேட்பது? தொலைபேசியில் கூப்பிட்டால் எடுக்கமாட்டாள். எழுதினால் படிக்கமாட்டாள். அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். சனிக்கிழமை அத்தையின் பிறந்தநாள். அந்தப் பக்கத்தில் பிறந்தநாளுக்கு யாரையும் யாரும் அழைப்பதில்லை. நினைவு வைத்திருக்கிறவர்கள் மதியத்துக்கு மேல் தாமாக வந்துவிடுவார்கள், கதவு திறந்திருக்கும், வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றியாக வேண்டும். அழைப்பே இல்லாத இடத்தில், அழைக்கப்படாதவர் என்று ஒருவரும் இல்லை.

"அன்னிக்கு மட்டும் அவங்களால நம்மளத் துரத்த முடியாது" என்றாள் அம்மா. ஏதோ கோட்டைக்குள் நுழையும் சுரங்கப்பாதையைக் கண்டுபிடித்தவள் மாதிரி.

அத்தையின் உடன்பிறந்த தம்பியான அப்பா, ஆற்றில் நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகுகளைக் கடத்திவிடும் மதகை இயக்குகிறவர். சனிக்கிழமை தனக்கு வேலை இருப்பதாக அவர் சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை மூன்று பேரும் கவனித்தார்கள்.

காரில் அம்மா ஓட்ட, மால்தே முன்னால் அமர்ந்து நகரத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். அங்கே படித்தேன் என்று சொன்னாலே வேலை கிடைக்கும். அவனுடைய பாடக் குறிப்புகள் எல்லாவற்றையும் தங்கைக்குத் தந்துவிடுவான். மெழுகில் பல் செதுக்குவது முதல் வருடத்தில் எல்லோரையும் அழவைக்கும், அதை அவனே சொல்லித்தருவான். கடலில் என்ன இருக்கிறது? காற்று. காலம் முழுக்கக் கிராமத்தில் கிடந்து சொத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம்.

ஒரு மாதத்துக்கு முன்பு வரை கல்லூரியைப் பற்றி வாயே திறக்காதவன் இப்போது ஏன் இப்படிப் பேசுகிறான் என்று லெவ்கேக்குப் புரியவில்லை. பின்னிருக்கையில் வெண்ணெய் கேக் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல் உருளைகள் கிடந்தன. அவற்றில் ஒன்றாகக் கிடந்தால் யாரும் எதையும் தேர்ந்தெடுக்கச் சொல்லமாட்டார்கள் என்று தோன்றியது.

அல்மூட் அத்தை வாசலிலேயே நின்றிருந்தாள். நகராட்சி நீச்சல்குளத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நீச்சல் சொல்லிக்கொடுத்த உயரமான உடம்பு; குளத்தின் அந்தக் கரைக்குக் கேட்கிற குரல். வாழ்த்துச் சொல்ல அம்மா கை நீட்டினாள். அத்தை அந்தக் கையை ஒரு முறை குலுக்கினாள். கேக்கை வாங்கிக்கொண்டாள்.

"வந்தவங்கள வாசல்ல நிக்க வைக்கற பழக்கம் எனக்குக் கிடையாது. உள்ள வாங்க" என்றாள். பிறகு மால்தேயைப் பார்க்காமலே, "அவனும் வரட்டும். பையில தேக்கரண்டி ஏதாச்சும் வெச்சிருக்கானான்னு மட்டும் பாத்துக்கோங்க."

தோட்டத்து மேசையில் இருந்த அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் சிரித்தார்கள். ஆக, கதை ஊருக்கே தெரிந்திருந்தது.

பிளம்ஸ் கேக்கின் மேல் குளவிகள் சுற்றின. அத்தை எல்லோருக்கும் காப்பி ஊற்றினாள். கோப்பைக்கு ஒரு சின்ன கரண்டி வைத்துக்கொண்டே வந்தவள், மால்தேயிடம் வந்ததும் கோப்பையை மட்டும் வைத்துவிட்டு நகர்ந்தாள். அவன் கேக் முள்கரண்டியின் காம்பால் பாலைக் கலக்கிக்கொண்டான். முகம் காது வரை சிவந்திருந்தது.

லெவ்கேயின் விஷயம் மேசைக்கு வர அதிக நேரம் ஆகவில்லை. அம்மாவே கொண்டுவந்தாள், மால்தேயின் பக்கமிருந்து பேச்சைத் திருப்ப. ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். பன்றிப் பண்ணைக்காரரின் மனைவி, பல் எங்கேயும் பல்தான், எங்கே வாடகை குறைவோ அங்கே போ என்றாள். எதிர்வீட்டு மனிதர், இந்தக் காலத்தில் சொந்தமாக மருத்துவமனை வைப்பதெல்லாம் முடிந்த கதை, பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றையும் வாங்குகின்றன, தன் மருமகள் அப்படியொன்றில் வேலை செய்கிறாள், அங்கே பெயர்பெற்ற கல்லூரிக்காரர்களைத்தான் எடுக்கிறார்கள் என்றார். அவர் மனைவி உடனே மறுத்தாள். மருமகள் அங்கிருந்து ஓடிவரத் துடிக்கிறாளாம். பக்கத்து ஊர்ப் பல் மருத்துவருக்கு வயதாகிவிட்டது, நாற்காலி, கருவி, நோயாளிகள் எல்லாவற்றையும் யாராவது வந்து எடுத்துக்கொண்டால் போதும் என்று காத்திருக்கிறார், ஒருவரும் வரவில்லை, கடலில் படித்தவள் என்றால் அவர் காலிலேயே விழுந்துவிடுவார் என்றாள்.

லெவ்கே எல்லோருக்கும் தலையாட்டினாள். ஒருவர் பேசும்போது அவர் சொல்வதே சரி என்று பட்டது. அடுத்தவர் பேசியதும் அதுவும் சரி என்று பட்டது. தலைக்குள் ஒரு குளவி புகுந்த மாதிரி இருந்தது.

இதற்கிடையில் இன்னொன்றையும் அவள் கவனித்தாள். அத்தை கேக்கை இடப்பக்கம் மட்டுமே மென்றாள். சிரிக்கும்போது கை தானாக வாய்க்கு முன்னால் போய் நின்றது. முன்பு அப்படிச் சிரிப்பவள் அல்ல அவள். அந்தப் பழைய சிரிப்புக்குக் குளத்தில் தண்ணீர் தளும்பும் என்று அப்பா சொல்வார்.

மால்தே இரண்டு முறை பேச முயன்றான். முதல் முறை "அத்தை" என்றதும் அவள் எழுந்து காப்பி எடுக்கப் போய்விட்டாள். இரண்டாவது முறை அவன் தொண்டையைச் செருமியதும் பன்றிப் பண்ணைக்காரர், "எல்லாரும் வாய மூடிக்கோங்க, டாக்டர் பரிசோதனைக்கு வர்றாரு" என்றார். மேசை மறுபடி சிரித்தது. மால்தே எழுந்து தோட்டத்துக் கோடிக்குப் போய், பிளம்ஸ் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அழுக்குக் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு அத்தை உள்ளே போனாள். அம்மா லெவ்கேயின் முதுகில் லேசாக ஒரு தள்ளு கொடுத்தாள்.

சமையலறையில் அத்தை கழுவ, லெவ்கே துடைத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று காரில் யோசித்து வைத்திருந்ததில் ஒன்றும் இப்போது நினைவுக்கு வரவில்லை.

"அவனுக்கு என் வாய் வேணும். அதான வந்திருக்கீங்க?" என்றாள் அத்தை, தண்ணீரைப் பார்த்தபடி.

"ஆமா" என்றாள் லெவ்கே.

அத்தை திரும்பிப் பார்த்தாள். மறுப்பை எதிர்பார்த்திருந்தாள் போலும். லெவ்கே எல்லாவற்றையும் சொன்னாள். பிரிட்ஜ், இருபுறமும் பல், அக்டோபர், ஆள் கிடைக்காதது. தனக்கே நாளைக்குள் எதை எடுப்பது, நகரமா கடலா என்று தெரியவில்லை என்பதையும், கேட்காமலே, சொல்லிவிட்டாள்.

அத்தை யோசனை ஒன்றும் சொல்லவில்லை. இன்று முழுதும் யோசனை சொல்லாத முதல் ஆள் அவள்தான். கையைத் துடைத்துக்கொண்டாள். முக்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ பாரு" என்றாள்.

"நான் இன்னும் ஒண்ணுமே படிக்கல அத்தை."

"அதனாலதான் சொல்றேன்."

முதியோர் இல்லத்தில் முதல் நாளே லெவ்கேக்குச் சொல்லித்தந்தது ஒன்று: மேலிருந்து குனியாதே, பக்கத்திலிருந்து போ, முதலில் தோளில் கையை வை, அவர்களாகத் திறக்கட்டும். அவள் அத்தையின் பக்கத்தில் வந்து நின்று தோளில் கை வைத்தாள். நீச்சல்காரியின் தோள் கல்லாக இறுகியிருந்தது. லெவ்கே அப்படியே நின்றாள். வெளியே யாரோ பாட ஆரம்பித்தார்கள். தோள் மெல்ல இறங்கியது. அத்தை வாயைத் திறந்தாள்.

மாலை வெயில் நேராக உள்ளே விழுந்தது. பல் இல்லாத இடம் பளபளவென்று இளஞ்சிவப்பாக இருந்தது. அதற்குப் பின்னால் நின்ற பல், காலியான இடத்தை எட்டிப் பார்ப்பதுபோல முன்னால் சாய்ந்திருந்தது. அதன் அடியில் கேக் துணுக்கு ஒன்று செருகிக்கொண்டிருக்க, சுற்றிலும் ஈறு கன்றிச் சிவந்திருந்தது. இதற்கெல்லாம் என்ன பெயர் என்று லெவ்கேக்குத் தெரியாது. பல் ஏன் சாய்கிறது? அது எப்போது முடிவு செய்கிறது? யாரைக் கேட்டால் சொல்வார்கள்? கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"என்ன தெரியுது?" என்றாள் அத்தை, வாயை மூடிக்கொண்டு.

"கேக் மாட்டியிருக்கு. அங்க வலிக்குதா?"

அத்தை நாக்கால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"வலிக்குது" என்றாள் பிறகு. "பல்லப் பிடுங்கறதுக்கு ஒரு தடவ போனேன். அதோட சரி."

"இவ்வளவு வலிய வெச்சுக்கிட்டு ஏன் அப்புறம் போகல?"

"போனா அவன் சொன்னது சரின்னு ஆயிடுமே."

லெவ்கே சிரித்துவிட்டாள். அத்தையும் சிரித்தாள். கை வாய்க்கு முன்னால் வரவில்லை.

அத்தை மறுபடி கோப்பைகளுக்குத் திரும்பினாள். குரல் பழைய குளக்கரைக் குரலாகிவிட்டது. வருவதாகச் சொன்னாள். எத்தனை தடவை வரச்சொன்னாலும் ரயில் ஏறி வருவாள். இரண்டு நிபந்தனை. தன் வாயைப் பற்றி அவன் இன்னொரு மனிதரிடம் மூச்சு விடக்கூடாது. அடுத்தது, தான் நாற்காலியில் சாயும்போதெல்லாம் லெவ்கே பக்கத்தில் நிற்க வேண்டும்.

"அதுக்கு நான் நகரத்துல இருந்தாதான் முடியும்" என்றாள் லெவ்கே மெல்ல.

அத்தை குழாயை மூடினாள்.

"அத நான் நெனச்சுப் பாக்கல. சரி, எனக்காக ஊர மாத்தாத. அவனுக்காகவும் மாத்தாத. உனக்குக் கடல்னா கடல். நான் இந்த ஓட்டையோடவே செத்துப்போறேன், ஒண்ணும் கொறஞ்சிடாது."

அப்படிச் சொன்னாலும் நிபந்தனையைத் தளர்த்தினாளா என்றால், இல்லை.

திரும்பும் வழியில் அம்மா மதகின் ஓரம் காரை நிறுத்தினாள். அத்தை கட்டிக் கொடுத்த பிளம்ஸ் கேக்கை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு வருவதாகக் கட்டுப்பாட்டு அறையின் படிகளில் ஏறினாள். மணல் ஏற்றிய சரக்குப் படகு ஒன்று மதகுக்குள் காத்திருந்தது. லெவ்கேயும் மால்தேயும் கரைக் கம்பியில் சாய்ந்து நின்றார்கள்.

லெவ்கே அத்தையின் நிபந்தனைகளைச் சொன்னாள். மால்தே துள்ளிக் குதிப்பான் என்று நினைத்தாள். அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"அப்போ நீ நகரத்த எடுத்தாகணும்" என்றான் விரல்களுக்கு நடுவிலிருந்து.

"அதத்தான காலையிலேர்ந்து சொல்லிக்கிட்டு வர்ற. உன் கூடப் படிக்கணும்னு."

"என் கூட இல்ல."

"பின்ன?"

படகு மெல்ல மேலெழும்பத் தொடங்கியது. மால்தே அதைப் பார்த்துக்கொண்டே பேசினான். ஒரே ஆண்டில் படிக்கும் இரண்டு பேர், இரண்டு கல்லூரிகளும் சம்மதித்தால், இடத்தை மாற்றிக்கொள்ளலாம். அப்படி ஒருத்தி கடலில் இருக்கிறாள். அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, நகரத்துக்கு வரத் தவிக்கிறாள். வசந்தத்தில் மாற்றிக்கொள்வதாகப் பேசியாயிற்று. இரண்டு பேரும் ஒரே பாடங்களை முடித்திருக்க வேண்டும். அவனிடம் குறைவது ஒரே ஒரு பிரிட்ஜ்.

லெவ்கேக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு ஒவ்வொன்றாக இடம் சேர்ந்தது. கடலில் என்ன இருக்கிறது, காற்று, என்றவன் கடலுக்குப் போகிறான். நகரத்துக்கு வா வா என்றவன் நகரத்தை விட்டு ஓடுகிறான்.

"நீ போறதுக்கு நான் அங்க வரணும். அப்படித்தான?"

"அம்மா ஊரெல்லாம் அந்தக் காலேஜ் பேரச் சொல்லிக்கிட்டு இருக்காங்க லெவ்கே. நம்மள்ல ஒருத்தராவது அங்க இருந்தா தாங்கிப்பாங்கன்னு நெனச்சேன்."

அவன் கன்னத்தில் அறையலாம் போலிருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று வந்து முன்னால் நின்றது. அண்ணனே ஓடுகிற இடம் என்றால் அது நல்ல இடமாக எப்படி இருக்கும்? அப்படியானால் கடல்தானே? இத்தனை நாளும் கிடைக்காத விடை இதோ கையில் கிடைத்துவிட்டதா?

"நிஜத்தச் சொல்லு. அந்தக் காலேஜ் அவ்வளவு மோசமா?"

மால்தே அவள் பக்கம் திரும்பினான். இந்த ஒரு கேள்விக்காவது பொய் சொல்லக்கூடாது என்று நினைத்தான் போலும்.

"இல்ல" என்றான். "அங்க இருக்கற வாத்தியாருங்க மாதிரி எங்கயும் கிடையாது. நீ சொல்ற அந்த வயசானவங்க பிரிவு, நாட்டுலயே ரெண்டு மூணு எடத்துலதான் இருக்கு. ஆள் பிடிக்கறதும் எல்லாருக்கும் கஷ்டமில்ல. என் வகுப்புல ஒருத்தி சந்தையில மீன் விக்கறவர்கிட்டயே கேட்டு அவர் குடும்பத்தையே கூட்டிட்டு வந்துட்டா. அவ செஞ்ச வேலையில பாதி நான் செஞ்சதில்ல." கம்பியில் ஒட்டியிருந்த பெயின்ட்டை நகத்தால் சுரண்டினான். "என்னால கேக்க முடியல. ஒருத்தர்கிட்ட வாயக் காட்டுங்கன்னு சொல்லப் போனாலே அன்னிக்கு அத்தை கோட்ட மாட்டிக்கிட்டுக் கிளம்பினது கண்ணு முன்னாடி வந்துடுது. கடல்ல யாரையும் கேக்க வேண்டாம். அவங்களே வந்து உக்காந்துடுவாங்க."

படகுக்காரர் மேலே வந்து, அவர்கள் கண்ணுக்கு நேராக நின்று, இருவருக்கும் கையசைத்தார். லெவ்கேயும் கையசைத்தாள்.

அவள் தெளிந்துவிடவில்லை. கடலுக்குப் போனால் கை சீக்கிரம் பழகும் என்பது இன்னும் உண்மைதான். வயதான மருத்துவர் ஒருவர் நாற்காலியைத் துடைத்து வைத்துக் காத்திருக்கிறார் என்பதும் உண்மைதான். நகரத்துக்குப் போனால் அது அண்ணனுக்காகவா, அத்தைக்காகவா, அந்த இருவரில் யாருக்காகவும் இல்லையா என்று நாளைக்குக் கேட்டாலும் அவளால் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் அவளால் மறக்க முடியவில்லை. அத்தை வாயை மூடிக்கொண்டதும் அவளுக்குள் எழுந்தது நிம்மதி அல்ல. இன்னும் கொஞ்சம் பார்த்திருக்கலாம் என்ற ஆசை. அடுத்த வாய் எங்கே என்ற ஆசை. தோளில் கை வைத்துக் காத்திருப்பது அவளுக்குப் பயமாக இல்லை. மீன் சந்தையில் போய் நிற்பது பயம்தான். ஆனால் அது வேறு மாதிரியான பயம். வயிற்றில் அல்ல, காலில் இருந்தது. நடந்தால் போய்விடும் போல.

கைப்பேசியை எடுத்தாள். உறுதியா என்று திரை கேட்டது. உறுதி இல்லை. ஆனாலும் அழுத்தினாள்.

இரண்டு வரிகளில் ஒன்று மறைந்தது.

"என்ன பண்ணின?" என்றான் மால்தே.

"நகரம்."

அவன் முகத்தில் முதலில் வெளிச்சம் வந்தது. அடுத்த கணமே அது அணைந்தது. தங்கையின் கையைப் பிடித்து, என்னால்தான் எடுத்தாயா, அப்படியென்றால் வேண்டாம், திரும்ப மாற்ற வழி இருக்கிறதா என்று உளறினான்.

"உன்னால இல்ல" என்றாள் லெவ்கே. "அத்தை பிரிட்ஜ முழுசா முடிச்சுட்டுத்தான் நீ நகரணும். பாதியில விட்டுட்டு ஓடினேன்னா நானே ஊரக் கூட்டிச் சொல்லுவேன். மத்தபடி நீ எங்க வேணா போ. நீ விட்டுட்டுப் போற எடத்துல நான் இருந்துக்கறேன்."

"யாரு எதை விட்டுட்டுப் போறது?"

வெறும் கேக் தட்டோடு அம்மா பின்னால் நின்றிருந்தாள். படியிறங்கி வந்த சத்தம் இருவருக்கும் கேட்கவில்லை. மேலே ஜன்னலில் அப்பாவின் முகம் தெரிந்தது. சட்டென்று உள்ளே மறைந்தது.

மால்தே தங்கையைப் பார்த்தான். இன்று முழுவதும் அவனுக்காகப் பேசியவள் அவள்தான். லெவ்கே அம்மாவின் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டாள்.

"அவனே சொல்லுவான்மா" என்றாள்.

பிறகு காரை நோக்கி நடந்தாள். பின்னால் அண்ணன் தொண்டையைச் செருமுவது கேட்டது.